பள்ளிவாசல் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசு தரும் மானியம்: நிர்வாகிகள் அறிய வேண்டியவை

2017 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், புளூமிங்டன் நகரிலுள்ள தாருல் ஃபாரூக் பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுகைக்காகச் சிலர் கூடியிருந்தனர். வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் இமாமின் அறை ஜன்னலை உடைத்து, உள்ளே குழாய் வெடிகுண்டை வீசிவிட்டுத் தப்பினர். அறை சிதைந்தது, புகை பள்ளி முழுவதும் பரவியது. அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் காயமில்லை. குண்டு வைத்தவர்கள் இல்லினாய் மாநிலத்திலிருந்து பல மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்கள். அந்தப் பள்ளியோடு அவர்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. கும்பலின் தலைமை நபருக்கு 2021ல் 53 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்து சிதறாமல் தடுக்கும் ஒட்டுப்படலம் இருந்திருந்தால், வளாகத்துக்குள் வாகனம் நுழைய கேட் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட படலத்துக்கும் கேட்டுக்கும் பணம் தர அமெரிக்க மத்திய அரசிடம் ஒரு மானியத் திட்டம் இருக்கிறது என்பது நம் மக்களில் பலருக்கு இன்னும் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று அங்கே குடியேறிய குடும்பங்கள் பல ஊர்களில் இன்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கின்றன. கணக்கு பார்ப்பதும் கடிதம் எழுதுவதும் பெரும்பாலும் கணினித் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் இந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாகத் தருகிறோம்.

திட்டம் எப்படி வந்தது?

லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியத் திட்டம் என்பது இதன் பெயர். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் ஃபெமா என்ற பேரிடர் மேலாண்மை முகமை இதை நடத்துகிறது. 2005 நிதியாண்டில் 2.5 கோடி டாலருடன் தொடங்கியது. இதற்காக நாடாளுமன்றத்தில் பாடுபட்டவை யூத அமைப்புகள். ஆரம்ப ஆண்டுகளில் பணத்தில் பெரும்பங்கு போனதும் யூத ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டார்கள், விண்ணப்பித்தார்கள், பெற்றார்கள். நம்மவர்கள் அப்போது கேட்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சமூகமாக அடி வாங்கியது. 2012ல் விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக் குருத்வாராவில் ஆறு சீக்கியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2015ல் சார்ல்ஸ்டன் நகரக் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஒன்பது பேர். 2018ல் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் பதினொரு பேர். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நம் சகோதரர்கள் 51 பேர் ஷஹீதானார்கள். அதே மாதம் கலிபோர்னியாவின் எஸ்கோண்டிடோவில் ஒரு பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே தங்கியிருந்தவர்கள் விழித்துக்கொண்டு அணைத்துவிட்டார்கள். தீ வைத்தவனே அடுத்த மாதம் அருகிலுள்ள பவே நகர யூத ஆலயத்தில் துப்பாக்கிச் சூடு நடத்தி ஒரு பெண்ணைக் கொன்றான். பள்ளியையும் யூத ஆலயத்தையும் ஒரே வெறுப்புதான் குறிவைத்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் இத்திட்டத்துக்கு 2020 ஜனவரியில் தனிச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. தொகையும் ஏறியது. 2020ல் 9 கோடி டாலர், 2021ல் 18 கோடி, 2022ல் 25 கோடி, 2023ல் 30.5 கோடி. 2024ல் வழக்கமான ஒதுக்கீடு 27.45 கோடியாகக் குறைந்தாலும், தனிச் சட்டம் ஒன்றின் மூலம் மேலும் 40 கோடி சேர்க்கப்பட்டது. இவ்வளவு பணம் இருந்தும் போட்டி கடுமையானது. 2023ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. நூற்றுக்கு ஏறத்தாழ 42தான் தேறின.

எதற்குக் கிடைக்கும்?

கேமரா, வேலி, கேட், வெளிவிளக்கு, அட்டை அல்லது எண் போட்டுத் திறக்கும் கதவு, வாகனம் மோதி நுழையாமல் தடுக்கும் தூண், ஜன்னல் படலம், எச்சரிக்கை மணி போன்றவற்றுக்குக் கிடைக்கும். வெளி நிறுவனத்திலிருந்து காவலர் வைக்கவும், நிர்வாகிகளுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுக்கவும், ஆபத்து நேரத் திட்டம் எழுதவும், ஒத்திகை நடத்தவும் பணம் உண்டு. கருவிகள் ஃபெமாவின் அனுமதிப் பட்டியலில் எண் குறித்த வகைகளாக இருக்க வேண்டும். துப்பாக்கிக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கும் ஒரு காசு கிடையாது. முகத்தை அடையாளம் காணும் கேமராவுக்கும், வண்டி எண்ணைப் படிக்கும் கேமராவுக்கும் கிடையாது. ஏற்கெனவே செலவழித்ததைத் திரும்பக் கேட்கவும் முடியாது. சென்ற மாதம் கேமரா மாட்டிவிட்டு இந்த மாதம் பில்லை நீட்டினால் நடக்காது.

அண்மை ஆண்டுகளில் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் டாலர் வரை கேட்கலாம். ஒரு மாநிலத்தில் ஓர் அமைப்பு மூன்று இடங்களுக்கு, அதாவது 6 லட்சம் வரை விண்ணப்பிக்கலாம். அமைப்பு தன் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம். பல மாநிலங்களில் முதலில் நாம் செலவழித்து, ரசீது கொடுத்த பிறகே பணம் வரும். ஒன்றரை லட்சம் டாலர் வேலையை முடித்துவிட்டுச் சில மாதம் காத்திருக்க வேண்டிய நிலை வரலாம். மாதச் சந்தாவில் ஓடும் சிறிய பள்ளிக்கு இது பெரிய சுமை. மானியம் கிடைத்தும் செலவழிக்க வழியில்லாமல் தவிக்க நேரிடும். எனவே கைவசம் இருக்கும் தொகையைக் கணக்கிட்டு, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் திட்டமிட வேண்டும். முடிக்க வழக்கமாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பள்ளிகளும் கேட்கலாம், கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வரிவிலக்குச் சான்று இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் போன்ற வழிபாட்டு அமைப்புகள் அமெரிக்க வரிச் சட்டப்படி, அதன் நிபந்தனைகளுக்குள் வந்தால், தாமாகவே விலக்குப் பெற்றவையாகக் கருதப்படுகின்றன. சில மாநிலங்கள் அதற்கான ஆவணம் கேட்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

யாரிடம் விண்ணப்பிப்பது?

நேரடியாக ஃபெமாவிடம் அல்ல. ஒவ்வொரு மாநிலத்திலும் மாநில நிர்வாக முகமை என்று ஒன்று இருக்கிறது, அதனிடம்தான் கொடுக்க வேண்டும். பெருநகரங்களில் அதிக ஆபத்துள்ளவை எனப் பட்டியலிடப்பட்ட பகுதிகளுக்கு ஒரு பிரிவு, மற்ற ஊர்களுக்கு இன்னொரு பிரிவு. எது நம்முடையது என்பதையும் அந்த முகமையே சொல்லும். ஃபெமா அறிவிக்கும் கடைசித் தேதிக்கு முன்பே மாநிலத்தின் கடைசித் தேதி முடிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. அறிவிப்பு வந்த பிறகு கிடைப்பது சில வாரங்கள்தான், சில மாநிலங்களில் அதுவும் இல்லை.

ஆகவே அறிவிப்புக்கு முன்பே முடித்து வைக்க வேண்டியவை சில உண்டு. அமைப்புக்குரிய தனி அடையாள எண்ணை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பெறலாம். இதற்குக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் இடைத்தரகர்கள் ஏராளம், ஏமாற வேண்டாம். அடுத்தது, கட்டடத்தின் பலவீனங்களைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை. உள்ளூர்க் காவல்துறையைக் கேட்டால் பல இடங்களில் வந்து பார்த்து எழுதித் தருகிறார்கள். மத்திய அரசின் பாதுகாப்பு ஆலோசகர்களும் கட்டணமின்றிச் செய்வார்கள். போலீஸ் பள்ளிக்குள் வந்து சுற்றிப் பார்ப்பதை ஜமாஅத் விரும்பவில்லை என்றால் நாமே மதிப்பீடு செய்தும் கொடுக்கலாம்.

விண்ணப்பம் எழுதும் விதம்

வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படிவம். அதில் மூன்று கேள்விகள் அடிப்படை. உங்களுக்கு என்ன மிரட்டல் இருக்கிறது? உங்கள் கட்டடத்தில் எங்கே பலவீனம்? தாக்குதல் நடந்தால் விளைவு என்ன? கேட்கும் ஒவ்வொரு கருவியும் இரண்டாவது கேள்வியில் சொன்ன ஒரு பலவீனத்தை அடைப்பதாக இருக்க வேண்டும். பின்கதவு பழுதாகிக் கிடக்கிறது என்று எழுதிவிட்டு முன்வாசலுக்குப் பத்து கேமரா கேட்டால் மதிப்பெண் போய்விடும்.

நம்மவர்கள் பொதுவாக எழுதுவது இப்படி இருக்கும்: “நாட்டில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பு பெருகிவிட்டது, எனவே எங்கள் பள்ளிக்குப் பாதுகாப்பு வேண்டும்.” இது உண்மைதான். ஆனால் படித்து மதிப்பெண் போடுகிறவருக்கு இதில் பிடிப்பு இல்லை. அதே விஷயத்தை வேறு விதமாகச் சொல்லலாம். எடுத்துக்காட்டாக: “ஜுமுஆவுக்கு 400 பேர் வருகிறார்கள். பெண்கள் தொழும் கூடத்தின் ஜன்னல் சாலையிலிருந்து பன்னிரண்டு அடியில், சாதாரணக் கண்ணாடியில் இருக்கிறது. வார இறுதி மத்ரஸாவின் 60 பிள்ளைகள் வெளியேற ஒரே வாசல்தான். சென்ற ரமலானில் இரண்டு முறை மிரட்டல் அழைப்பு வந்தது, புகார் எண் இது.” இப்படிச் சொன்னால் கட்டடம் கண்முன் வந்துவிடும்.

அந்தப் புகார் எண்தான் நம்மிடம் பெரும்பாலும் இருக்காது. சுவரில் ஆபாசமாக எழுதினால் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுகிறோம். காரிலிருந்து திட்டிவிட்டுப் போனால் “ஸப்ரு செய்வோம்” என்று விட்டுவிடுகிறோம். பொறுமை நல்லதுதான். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், படம் எடுத்தோமா, போலீஸில் சொன்னோமா என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு விண்ணப்பத்தின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். நம் பள்ளிக்கு நேரடி மிரட்டல் வந்ததில்லை என்றால், நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு நடந்ததைக் காட்டலாம். அதற்கும் இடம் உண்டு.

சமயம், கொள்கை காரணமாக ஆபத்தில் உள்ள அமைப்புகளின் மதிப்பெண் மூன்றால் பெருக்கப்படுகிறது. கல்வி, மருத்துவ அமைப்புகளுக்கு இரண்டால். முதல் முறையாக விண்ணப்பிப்பவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இதுவரை கேட்காத பள்ளிகளுக்கு இது ஒரு வாய்ப்பு.

கேமரா விற்கும் நிறுவனங்கள் சில, “மதிப்பீடும் விண்ணப்பமும் நாங்களே இலவசமாக எழுதித் தருகிறோம், பணம் வந்ததும் எங்களிடம் வாங்குங்கள்” என்று வருகின்றன. ஜாக்கிரதை. மத்திய அரசின் கொள்முதல் விதிப்படி, தேவையை எழுதிக் கொடுத்தவரே பிறகு அந்தப் பொருளை விற்கும் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. சிறிய தொகைக்கு மேல் போனால் பல இடங்களில் விலை கேட்டு, அதற்கான தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும். செயலாளரின் மச்சான் கடையில் வாங்குவது ஊரில் சாதாரண விஷயம். இங்கே அது தணிக்கையில் மாட்டிக்கொள்ளும், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

இன்னொரு கண்ணி, சுவரில் துளை போடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல், தொன்மைப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஃபெமாவின் அனுமதி வேண்டும் என்பது. பழைய தேவாலயத்தை வாங்கிப் பள்ளியாக்கிய இடங்களில் இது மிக முக்கியம். அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்கான பணம் போயேபோய்விடும்.

வாங்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கும் அதே துறையிடம் பாதுகாப்புக்குக் கை நீட்டுவதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி காரணமில்லாமல் வந்ததல்ல. நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களுக்குள் ஆள் வைத்து உளவு பார்த்தது 2011ல் செய்தியாக வெளியானது. தீவிரவாத எதிர்ப்பு என்ற பெயரில் வேறொரு மானியம் இருந்தது. அது கதவுக்கும் கேமராவுக்கும் தரும் பணம் அல்ல, நம் இளைஞர்களைக் கண்காணிக்க நம்மையே பயன்படுத்துவது என்று பலர் கருதினர். 2017ல் பல முஸ்லிம் அமைப்புகள் அதை மறுத்தன. கலிபோர்னியாவின் பயான் கிளேர்மான்ட் என்ற இஸ்லாமிய உயர்கல்வி நிறுவனம் 8 லட்சம் டாலரை வேண்டாம் என்றது. இந்த இரண்டு மானியங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாம் பேசிக்கொண்டிருப்பது கட்டடத்தைப் பாதுகாக்கும் மானியம். யார் தொழ வருகிறார்கள் என்ற பட்டியலை அது கேட்பதில்லை.

ஆனாலும் 2025ல் நிலைமை கடினமானது. அந்த ஆண்டு பணம் வழங்குவது மறுஆய்வுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. ஏற்கெனவே செலவழித்துவிட்டுக் காத்திருந்த அமைப்புகள் தவித்தன. ஜூலையில், தீவிரவாதத் தொடர்பு இருப்பதாகச் சொல்லப்படும் 49 திட்டங்களை ரத்து செய்து ஏறத்தாழ 80 லட்சம் டாலரை மிச்சப்படுத்தியதாகத் துறை கூறியது. அதில் பாதிக்கப்பட்டவை முஸ்லிம் அமைப்புகள். ஒரு தனியார் ஆய்வு அமைப்பின் குற்றச்சாட்டுகளுக்குப் பின்னால் வந்த முடிவு அது. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட குற்றம் எதன் மீதும் நின்றதல்ல என்பது நம் கருத்து. மானிய நிபந்தனைகளில் இஸ்ரேல் நிறுவனங்களைப் புறக்கணிப்பது பற்றிய வாசகம் இருந்தது ஆகஸ்டில் சர்ச்சையானது, துறை அதை நீக்கியது. குடியேற்றச் சட்ட அமலாக்கத்தில் ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனை மாநிலங்களை நீதிமன்றத்துக்கு இட்டுச் சென்றது. யூதச் சபைகள் சிலவும் அந்த நிபந்தனையைப் பற்றிக் கவலை தெரிவித்தன.

எங்கள் கருத்து இதுதான். இது யாரும் போடும் பிச்சையல்ல, அங்கே வாழும் நம் மக்கள் கட்டும் வரிப்பணம். அதில் தேவாலயத்துக்கும் யூத ஆலயத்துக்கும் உள்ள உரிமை பள்ளிவாசலுக்கும் உண்டு. நாமாகவே ஒதுங்கிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஆண்டின் நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். சென்ற ஆண்டு பெற்றவர்கள் சொன்னதை நம்பி இந்த ஆண்டு கையெழுத்திடக் கூடாது, நிபந்தனை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. முடிவை இரண்டு மூன்று நிர்வாகிகள் மட்டும் எடுக்காமல் ஜமாஅத்தின் மஷூராவில் வைத்து எடுப்பது பின்னால் வரும் பிணக்குகளைத் தவிர்க்கும். கேமராப் பதிவு யார் கையில், எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் எந்த உத்தரவின் பேரில் கொடுப்போம் என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.

பள்ளிக்குக் காவல் போடுவதே தவக்குலுக்கு மாறானது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அச்சநேரத் தொழுகையில் ஒரு அணி தொழும்போது இன்னொரு அணி ஆயுதத்தோடு காவல் நிற்பது நம் ஃபிக்ஹில் உள்ள சட்டம்தானே என்று அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூட்டுப் போடும் ஆர்வத்தில் வெளியேறும் வழியை மறந்துவிடக் கூடாது. கிறைஸ்ட்சர்ச் அந்நூர் பள்ளியில், மின்பூட்டுப் பொருத்திய பக்கவாட்டுக் கதவு அன்று திறக்காமல் போனதா என்பது மரண விசாரணை அதிகாரி ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று. உள்ளிருந்து எந்நேரமும் யாரும், ஒரு சிறு பிள்ளையும் தள்ளித் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பூட்டையும் மாட்டக் கூடாது. கருவியை விட மனிதர் முக்கியம் என்பதற்கு 2022 ஜனவரியில் டெக்சாஸின் காலிவில்லில் நடந்தது சான்று. யூத ஆலயத்தில் பதினொரு மணி நேரம் பணயமாக இருந்த ரப்பி, தருணம் பார்த்து நாற்காலியை எறிந்து மற்ற இருவரோடு தப்பினார். முன்பு பெற்ற பாதுகாப்புப் பயிற்சிகள்தான் கை கொடுத்தன என்று அவர் சொன்னார். கேமராவுக்கு எழுதும் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான். அந்தப் பயிற்சியில் பெண்களும் மத்ரஸா ஆசிரியைகளும் கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைகள் அவர்களிடம்தான் இருக்கிறார்கள்.

மத்திய மானியம் கிடைக்காவிட்டாலும், நிபந்தனை பிடிக்காவிட்டாலும் வேறு வழிகள் உள்ளன. கலிபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்கள் தம் சொந்த நிதியிலிருந்து இதே போன்ற மானியம் தருகின்றன. பிரிட்டனில் பள்ளிவாசல்களுக்கென்றே தனிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2024 மார்ச்சில் அந்நாட்டு அரசு பள்ளிகள், முஸ்லிம் பாடசாலைகள், சமூக மையங்களுக்கு நான்காண்டுகளில் 11.7 கோடி பவுண்டு அறிவித்தது. 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளியில் ஆறு பேரை இழந்த கனடாவிலும் மத்திய அரசின் திட்டம் உண்டு. அந்த நாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் தங்கள் பள்ளி நிர்வாகிகளிடம், இதற்கு விண்ணப்பித்தீர்களா என்று வரும் ஜுமுஆவுக்குப் பிறகு கேட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் அன்றே அந்த நோட்டுப் புத்தகத்தையும் தொடங்கி, மாநில முகமையின் மின்னஞ்சல் பட்டியலில் பள்ளியின் பெயரையும் சேர்த்துவிடலாம். அறிவிப்பு வந்ததும் தகவல் நேரே வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.